மருத்துவர் கேட்க மறக்கும் கேள்வி

முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் இத்தாலி நாட்டின் மொதேனா நகரில் பெர்நார்தீனோ ரமஸ்ஸீனி என்னும் மருத்துவர் வாழ்ந்து வந்தார். ஒருநாள் அவர் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்ய ஓர் ஏழைத் தொழிலாளி வந்திருந்தான். மூச்சு வாங்க, அளவு மீறிய அவசரத்தோடு அவன் வேலை செய்வதைக் கண்ட மருத்துவர், ஏனப்பா இவ்வளவு வேகம் என்று வினவினார். நான்கு மணி நேரத்துக்கு மேல் இக்குழிக்குள் இருந்தால் கண் போய்விடும் என்பது அவன் தந்த விடை. மருத்துவர் அவன் கண்களைச் சோதித்தார், சிவந்து மங்கியிருந்தன. அதே தொழிலைச் செய்த பலர் பார்வை இழந்து அந்நகரத் தெருக்களில் பிச்சை எடுத்துத் திரிவதையும் பின்னர் அறிந்துகொண்டார். அன்று அவர் உள்ளத்தில் விழுந்த வித்து, 1700 ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றிய ஓர் இலத்தீன் நூலாக முளைத்தது. நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று கிரேக்க நாட்டு ஹிப்போகிராத்து வகுத்துத் தந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அந்நூலில் அவர் தம் தொழில் மருத்துவர்களை வேண்டினார். ‘உன் தொழில் என்ன?’ என்பதே அக்கேள்வி. அவர் ஆராய்ந்த தொழிலாளருள் தோல் பதனிடுவோரும் உண்டு.

அக்கேள்வியை இன்று நம் பாலாற்றங்கரை ஊர்களில் கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான். வீடு சந்திக்கச் செல்லும் குருவானவருக்கு அது நன்றாகத் தெரியும். “ஷாப்பு வேலைதான் சாமி” என்பார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பத்து வேலைகள் அடங்கியிருக்கின்றன. பச்சைத் தோலுக்கு உப்பு உதறுகிறவரும் ஷாப்பு வேலைதான்; சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவரும் ஷாப்பு வேலைதான்; டிரம்மில் குரோம் கொட்டுகிறவர், பஃபிங் எந்திரத்தில் நிற்கிறவர், சாயம் தெளிக்கிறவர், கழிவுத் தொட்டியைக் கழுவுகிறவர் ஆகிய அனைவரும் ஷாப்பு வேலைதான். ஒவ்வொருவர் உடலையும் தொடும் நஞ்சு வெவ்வேறு. எனவே மருத்துவமனைச் சீட்டில் ‘கூலி வேலை’ என்று எழுதப்படும்போது நோயின் பாதிக் காரணம் அந்த இடத்திலேயே அழிந்துபோகிறது. பாலாறு கெட்டதைப் பற்றி முப்பது ஆண்டுகளாகப் பேசி வருகிறோம், நீதிமன்றங்களும் பேசியிருக்கின்றன. ஆற்றுக்குப் போகுமுன் அதே இரசாயனங்கள் முதலில் தொட்ட மனித உடலைப் பற்றி அவ்வளவு பேசவில்லை என்பது நமது எண்ணம். இக்கட்டுரை அதைப் பற்றியது.

தொழிலின் பழமையும் புதுமையும்

தோல் பதனிடுதல் விவிலியம் அறிந்த தொழில். திருத்தூதர் பணிகள் நூலில் பேதுரு யோப்பா நகரில் தங்கியது சீமோன் என்ற தோல் பதனிடுபவரின் வீட்டில். அவ்வீடு கடலோரத்தில் இருந்ததாக அந்நூல் குறிக்கிறது. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தொழிலுக்குத் தண்ணீர் வேண்டும். நாற்றத்தை ஊர் பொறுக்காது. பண்டைய நகரங்கள் பலவும் இத்தொழிலாளரை ஓரத்துக்குத் தள்ளின. நம் நாட்டில் அந்தத் தள்ளுதலோடு சாதிக் கொடுமையும் சேர்ந்துகொண்டது. இழிதொழில் என்று யாரை ஒதுக்கினோமோ அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்றும் தொழிற்கூடத்தின் ஈரப் பகுதியில் பெருமளவில் நிற்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை வட்டாரங்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேலம்பட்டையும் கொண்டே தோல் பதனிட்டார்கள். நாற்றம் அன்றும் இருந்தது. ஆனால் பட்டைச் சாறு மெதுவாக வேலை செய்யும், வாரக்கணக்கில் ஊறவேண்டும். குரோமிய உப்போ சில மணி நேரத்தில் அதே வேலையை முடித்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறை சென்னைக்கு வந்தது. குரோம்பேட்டை அப்பெயரைப் பெற்றதே அங்கு நிறுவப்பட்ட குரோம் தோல் ஆலையால்தான். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அதன்பின் நம் ஊர்களில் டிரம்கள் பெருகின. காலணிக் கம்பெனிகள் எழுந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. பெண்கள் மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கினார்கள். இதை மறந்து எழுதுவது நன்றிகெட்ட எழுத்தாகும்.

தோல் போகும் வழியில் தொழிலாளியும் போகிறார்

பச்சைத் தோல் கெடாதிருக்க, நூறு கிலோவுக்கு முப்பது, நாற்பது கிலோ உப்பு இடுவது வழக்கம். அவ்வுப்புதான் பின்னர் கிணற்றில் போய்ச் சேர்கிறது. பச்சைத் தோலோடு வரக்கூடிய பழைய பகைவன் ஒன்று உண்டு. அதுவே அடைப்பான் நோய். மாட்டையும் ஆட்டையும் கொல்லும் இந்நோயின் வித்துக்கள் தோலிலும் உரோமத்திலும் பல்லாண்டுகள் உயிரோடு ஒட்டியிருக்கும். கையில் சிறு கீறல் இருந்தால் அதன் வழியே நுழைந்து, நடுவில் கருத்த, வலியில்லாத புண்ணாகத் தோன்றும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. உரிய மருந்தை உரிய காலத்தில் கொடுத்தால் குணமாகும். 1932 இல் இராணிப்பேட்டையில் நிறுவப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு நிலையம் இந்நோய்க்கு எதிரான தடுப்பூசி மருந்தைத் தயாரித்து வருவது நம் பகுதிக்குப் பெருமை. மாட்டுக்கு ஊசி போட்டால் மனிதனும் பிழைக்கிறான்.

அடுத்தது சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். உரோமத்தைக் கரைக்கும் பொருள் மனிதத் தோலை விட்டுவைக்குமா? கையுறையும் முழங்கால்வரை ரப்பர்க் காலணியும் இல்லாமல் நிற்பவர்களின் விரலிடுக்குகளும் பாதங்களும் வெந்து வெளுத்துப்போவதற்கு இதுவே காரணம். இவ்வெந்த தோலோடுதான் அவர்கள் அடுத்த கட்டமான அமில ஊறலுக்கும் குரோமுக்கும் கை நீட்டுகிறார்கள்.

குரோமியத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் குழப்பம் மிகுதி. குரோமியம் இரு முக்கிய உருவங்களில் நம்மிடம் வருகிறது. டிரம்மில் கொட்டும் பச்சை நிறத் தூள் மூவிணைதிறன் கொண்ட குரோமியம். அது ஒப்பு நோக்கச் சாது. புற்றுநோய் உண்டாக்குவதாக அதன்மேல் குற்றம் நிலைநாட்டப்படவில்லை. ஆனால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கரப்பான் தருவதில் அது கெட்டிக்காரன். அப்பச்சைத் தூளை எதிலிருந்து செய்கிறார்களோ அந்த மஞ்சள், ஆரஞ்சு நிற டைகுரோமேட்டு அறுவிணைதிறன் கொண்டது. அது உண்மையான கொடியவன். மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும். விரல் கணுக்களில் ஆணி அடித்தாற்போல் ஆழமான புண்களை உண்டாக்கும். நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். உலக நல நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதனைச் சந்தேகத்துக்கு இடமில்லாத முதல் வரிசையில் வைத்திருக்கிறது. எனவே, குரோம் தோல் செருப்பைக் காலில் போட்டால் புற்றுநோய் வருமா என்று சிலர் அஞ்சுவது மிகை. குரோம் என்றால் ஒன்றுமில்லை என்று மேற்பார்வையாளர் சிலர் சொல்வதும் பிழை. எந்தக் குரோம், எந்த அளவு, எத்தனை ஆண்டு என்று கேட்டால்தான் உண்மை கிடைக்கும்.

பதனிட்ட தோலை உலர்த்தி, உப்புத்தாள் போன்ற எந்திரத்தில் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் பிரிவில் மாவுபோல் தூசு பறக்கும். தோல் தூசு என்று ஏளனமாக நினைத்துவிடலாகாது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷையர், நம் ஆம்பூரைப் போலக் காலணிக்குப் பேர்போன வட்டாரம். அங்கே காலணித் தொழிலாளரிடையே மூக்கின் உட்குழிவில் வரும் அரிய புற்றுநோய் மற்றவர்களைவிட மிகுதியாக இருப்பதை டொனால்டு அச்சிசனும் அவருடைய தோழர்களும் 1970 இல் எடுத்துக் காட்டினார்கள். ஒரு மருத்துவரிடம் வாழ்நாளில் ஒருவரோ இருவரோ வரக்கூடிய நோய் அது. ஒரு வட்டாரத்து நோயாளிகள் அனைவருடைய தொழிலையும் தேடி எழுதியதனால் மட்டுமே அவ்வுண்மை வெளிப்பட்டது. இன்று தோல் தூசு அதே முதல் வரிசையில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

காலணிக் கம்பெனியிலோ வேறொரு நஞ்சு. பாகங்களை ஒட்டும் பசையை நம் மக்கள் ‘சொல்யூஷன்’ என்கிறார்கள். அப்பசை சீக்கிரம் உலர்வதற்காக அதில் ஆவியாகும் கரைப்பான்களைக் கலக்கிறார்கள். துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் காலணி செய்வோர் பென்சீன் கலந்த பசையைச் சிறு சிறு அறைகளில் வைத்துப் பயன்படுத்தி வந்தார்கள். அவர்களில் 26 பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதை முசாபர் அக்சோய் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1974 இல் வெளியிட்டார்கள். பல நாடுகள் பென்சீனைக் கட்டுப்படுத்தின. அதன் இடத்தைப் பிடித்த கரைப்பான்களுள் ஹெக்சேன் என்பதும் ஒன்று. அது நரம்பைத் தாக்கும். முதலில் விரல் நுனிகள் மரத்துப்போகும், பின்னர் கால் தளரும். ஜப்பானின் மியே மாநிலத்தில் 1960களில் வீட்டிலிருந்தே செருப்புச் செய்த 90க்கும் மேற்பட்டோருக்கு இவ்வாறு நரம்பு நோய் வந்தது. வீட்டிலிருந்தே என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆம்பூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் காலணியின் மேல்பாகத்தை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஊசியால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் ஏராளம். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எந்தத் தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் கிடையாது. ஆகையால் எந்த ஆராய்ச்சியாளரின் கணக்கிலும் அவர்கள் எளிதில் விழுவதில்லை.

தொட்டிக்குள் இருக்கும் மரணம்

மேலே சொன்னவை எல்லாம் ஆண்டுக்கணக்கில் கொல்பவை. நிமிடக்கணக்கில் கொல்வது ஒன்று உண்டு. இதனை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

சுண்ணாம்புப் பிரிவின் கழிவுநீரில் சல்பைடு இருக்கிறது. ஊறல், குரோம் பிரிவுகளின் கழிவுநீரில் அமிலம் இருக்கிறது. இரண்டும் ஒரு தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் இதன் சூழ்ச்சி அந்த நாற்றத்திலேயே இருக்கிறது. சிறிது இருக்கும்போது நாறும். பத்து இலட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு என்ற அளவை எட்டியதும் மூக்கின் மோப்ப சக்தியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுகிறவன் மரணத்தின் வாசலில் நிற்கிறான். அவ்வளவு ஐந்து, பத்து மடங்கு உயர்ந்தால் சில மூச்சுகளிலேயே மயக்கமும் சாவும் நேரும். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே தொட்டியின் அடியிலேயே தங்கும். மேலே நிற்பவனுக்குத் தெரியாது. அடியில் படிந்த சேற்றைக் கிளறும்போது சேற்றுக்குள் சிறைப்பட்டிருந்த வாயு ஒரே மூச்சில் வெளியேறும்.

தமிழ்நாட்டின் தோல் நகரங்களில் கழிவுத் தொட்டிச் சாவுகள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கின்றன. அவற்றின் வரலாறு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஒருவர் இறங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். மூன்றாமவர் அண்ணனாகவோ மைத்துனனாகவோ இருப்பார். அன்பே இங்கு உயிரைக் குடிக்கிறது. மேலேயிருந்து கயிற்றால் இழுக்கக்கூடிய இடுப்புவார் அணியாமல், காற்றைச் சோதிக்காமல், தனிக் காற்றுக்குழாய் இணைத்த முகமூடி இல்லாமல் எவரும் எக்காரணத்துக்காகவும் இறங்கக்கூடாது. முகத்தில் கட்டிய ஈரத்துணி இவ்வாயுவைத் தடுக்காது. விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குவதற்கும் இவ்விதியே பொருந்தும். இதைக் கேட்பதற்கு இரக்கமற்றதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாவது, மூன்றாவது பிணங்களைத் தடுக்க வேறு வழி கிடையாது.

2015 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் நாள், பொழுது விடியுமுன், இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. வெளியேறிய கசடு வெள்ளம் அடுத்திருந்த தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மேல் பாய்ந்து 10 பேரைப் பலிகொண்டது. அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நஞ்சை ஆற்றுக்கு விடாமல் தடுப்பதற்கென்று கட்டிய நிலையத்திலேயே இது நடந்தது. ஆற்றைக் காக்கும் ஏற்பாடு தொழிலாளியையும் காக்கும் என்று தானாக நம்பிவிட முடியாது.

எண்ணப்பட்ட கிணறுகள்

ஆற்றின் கதை வாசகர்களுக்குப் பெரிதும் தெரிந்ததே. வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991 இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர் செலவாகிறது, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்ற விவரங்கள் அத்தீர்ப்பில் பதிவாயின. திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் வீதிவீதியாகச் சென்று எண்ணியதில், 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன என்பதும் அதில் உண்டு. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், தீங்கு வருமுன் தடுப்பது அரசின் கடமை என்னும் இரு கோட்பாடுகளும் இந்திய நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அதுவே. நம் பாலாற்றின் பெயரால் இன்று சட்டக் கல்லூரி மாணவர் அனைவரும் அதைப் படிக்கிறார்கள்.

அத்தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்தில் 547 தோல் கூடங்களைப் பொறுப்பாக்கி, 29,193 குடும்பங்களுக்கு ஏறக்குறைய 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பத்தாயிரம் ரூபாயை எட்டாது. அதுவும் முழுமையாகப் போய்ச் சேராத நிலையில், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் மீண்டும் கட்டளையிட வேண்டியதாயிற்று. நிலுவைத் தொகையை அரசே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைக்க வேண்டும் என்பது அக்கட்டளை. இம்முறை நீதிமன்றம் தோல் தொழிலாளர் படும் துன்பத்தையும் எடுத்துரைத்தது நமக்கு ஆறுதல்.

இராணிப்பேட்டையின் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1995 இல் மூடப்பட்டபோது ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கே மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து வழிவது மேற்கூறிய கொடியவனாகிய அறுவிணைதிறன் குரோமியம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அங்குள்ள நிலத்தடி நீரோ கண்ணால் பார்த்தாலே தெரியும்படி மஞ்சளாகியது. 2006 இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலொன்றில் இராணிப்பேட்டையின் பெயர் இடம்பெற்றது.

எண்ணப்படாத உடல்கள்

ஆக, கிணற்றை எண்ணினோம், ஹெக்டேரை அளந்தோம், கழிவு எத்தனை டன் என்றும் அறிவோம். தொழிலாளியின் உடலை எண்ணுவது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? முடியாத காரியம் என்பதனால் அன்று. கான்பூரில் செய்திருக்கிறார்கள். இலக்னோவின் தொழில் நச்சியல் ஆராய்ச்சி மையத்தார் அந்நகரின் 10 தோல் கூடங்களில் 197 ஆண் தொழிலாளரையும், அத்தொழிலில் இல்லாத 117 பேரையும் சோதித்து 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். தொழிலாளரில் நூற்றுக்கு 40 பேர் ஏதோ ஒரு நோயோடு இருந்தார்கள். மற்றவரில் அது 20 பேர் அளவே. தொழிலாளரின் நோய்களில் முன்னணியில் நின்றது மூச்சுக் கோளாறு. அவர்களுடைய இரத்தத்திலும் சிறுநீரிலும் குரோமியம் தெளிவாக மிகுந்திருந்தது.

தடைகள் வேறு வகையானவை. ஒப்பந்தக்காரர் வழியாக இன்று ஒரு ஷாப்பு, அடுத்த மாதம் வேறொரு ஷாப்பு என்று மாறும் தொழிலாளிக்கு எந்த ஷாப்பிலும் வரலாறு கிடையாது. புற்றுநோய் போன்றவை இருபது, முப்பது ஆண்டு கழித்தே தலை காட்டும்; அதற்குள் அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். நோயுற்றவர் முதலில் விலகிவிடுவதால், உள்ளே நிற்பவர்களை மட்டும் சோதிக்கும் ஆராய்ச்சி அனைவரும் நலமாக இருப்பதாகக் காட்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக அச்சம் ஒன்று இருக்கிறது: நோய் என்று சொன்னால் வேலை போய்விடும், நோய்கள் பெருகின என்றால் ஷாப்பையே மூடிவிடுவார்கள், மூடினால் அடுப்பு எரியாது. இந்த அச்சத்தை மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் மூடுவதா, பொறுப்பதா என்று இரண்டே வழி இருப்பதுபோல் பேசுவது சரியன்று. தூசை உறிஞ்சும் குழாய், சல்பைடு நீரையும் அமில நீரையும் பிரிக்கும் தனி வாய்க்கால், கையுறை, கழுவும் இடம் ஆகியவை எந்தத் தொழிலையும் மூடியதில்லை. சில கூடங்களில் இவை ஒழுங்காக உள்ளன. அவை நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், குரோமியப் புண், அடைப்பான், பென்சீன் நஞ்சு, தொழில் காரணமான தோல் அழற்சி ஆகியவற்றை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் அத்தகைய பட்டியலைக் கொண்டிருக்கிறது. நோயைக் கண்ட மருத்துவருக்கும் தெரிவிக்கும் கடமை உண்டு. ஆனால் தொழிலே எழுதப்படாத சீட்டிலிருந்து எந்த மருத்துவர் எதைத் தெரிவிப்பார்?

ஆகையால் பங்குக் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள். வீட்டில் தோல் வேலை, காலணி வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எந்தக் கூடம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, கையாண்ட பொருள் என்ன என்று எழுதிவையுங்கள். டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டிலுள்ள பெயரைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை பார்த்து எழுதட்டும். இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ வேலூர் பெரிய மருத்துவமனைக்கோ போகும்போது அந்த நோட்டும் கூடப் போகட்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும், “ஐயா, பன்னிரண்டு வருஷமாகப் பஃபிங்கில் இருக்கிறேன்” என்று நோயாளியே சொல்ல வேண்டும். ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தம் கசியும் மூக்கு, விரல் நுனி மரத்துப்போதல், விடுமுறையில் குறைந்து வேலைக்குப் போனதும் கூடும் இருமல் ஆகியவை தோன்றினால் தள்ளிப்போட வேண்டாம். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொழில் நோய்க்கு அச்சட்டத்தில் உதவித்தொகை உண்டு.

ஷாப்பில் உடுத்திய துணியோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குவது நம் தந்தையர் பலரின் வழக்கம். அத்துணியில் தூசும் உப்பும் குரோமும் ஒட்டியிருக்கின்றன. வாசலிலேயே மாற்றிக்கொண்டு, கைகால் கழுவியபின் பிள்ளையை வாங்கட்டும். அத்துணியை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். வீட்டில் மேல்பாகம் தைக்கும் தாய்மார்கள் சொல்யூஷன் டப்பாவைத் திறந்து வைத்திருக்கும் அறையில் தொட்டில் கட்டாதிருக்கட்டும். மழைக்காலமாக இருந்தாலும் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் டப்பாவை இறுக மூடிச் சமையல் அடுப்புக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அந்த ஆவி தீப்பற்றக் கூடியது.